பிரெஞ்சு வகுப்பில் காதுக்கும் வாய்க்கும் இடம் கொடுங்கள்: பெங்களூர்ப் பள்ளி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பிரெஞ்சு கற்பிக்கும் பள்ளிகளின் முதல்வர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

அடுத்த கல்வியாண்டின் டைம்டேபிள் போடும் நேரம் இது. அது அச்சாகிச் சுவரில் ஏறிவிட்டால் பிறகு ஒரு பீரியடைக்கூட நகர்த்த முடியாது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதனால்தான் இப்போதே எழுதுகிறோம். நாங்கள் இந்த நகரத்துப் பள்ளிகளில் பிரெஞ்சு கற்பிக்கும் தமிழர்கள் சிலர். எங்கள் வகுப்புகளில் அல்சூர், சிவாஜிநகர், ராமமூர்த்தி நகர் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். பெரும்பகுதி எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

பத்தாம் வகுப்பில் பிரெஞ்சில் 95க்கு மேல் வாங்குவது இங்கே அதிசயமில்லை. அப்படி வாங்கிய பிள்ளையிடம் "நேற்று சாயங்காலம் என்ன செய்தாய்?" என்று பிரெஞ்சில் கேட்டால், கேள்வியே புரியாமல் விழிக்கும். அதே கேள்வியை எழுதிக் காட்டினால் பிழையில்லாமல் பதில் எழுதித் தரும். திம்மையா சாலையிலுள்ள அலியான்ஸ் ஃபிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையத்தில் மேற்கொண்டு படிக்கலாம் என்று போனால், ஐந்தாண்டு படித்த பிள்ளை மறுபடியும் முதல் படியிலேயே உட்கார நேரிடுவதுண்டு. பிள்ளையிடம் குறையில்லை. ஐந்தாண்டும் அதன் கண்ணுக்கும் கைக்கும் மட்டுமே பிரெஞ்சு போயிருக்கிறது.

நேரம் போதவில்லை என்று சொல்லத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் மூன்று பீரியட், ஒன்றுக்கு 40 நிமிடம், ஆக வாரத்துக்கு 2 மணி நேரம். தேர்வு, விழா, விடுமுறை எல்லாம் கழித்து ஆண்டுக்கு 32 வாரம் என்று வைத்தால் 64 மணி. ஐந்தாண்டில் 320 மணி. ஐரோப்பியக் குழுமம் 2001இல் வெளியிட்ட மொழிச் சட்டகத்தில் ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள் இருக்கின்றன. மொழிப் பள்ளிகள் பொதுவாகச் சொல்லும் கணக்கில் ஏ1 முடிக்க 100 மணிக்குள், ஏ2 முடிக்க மொத்தம் 200 மணி அளவில், பி1 முடிக்க 350 முதல் 400 மணி. அப்படியானால் நம் பிள்ளைகள் ஏ2வைத் தாண்டி பி1இன் வாசலில் நிற்க வேண்டும். நேரத்தை நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். அது எங்கே போகிறது என்பதுதான் இந்த மடலின் பேச்சு.

கொஞ்சம் நடையில் போகிறது. மொழிப் பாடத்துக்கு இரண்டு மூன்று செக்‌ஷன் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து வேறு அறைக்கு அனுப்புகிறோம். மாறி உட்கார 6 நிமிடம் ஆனால், ஆண்டுக்கு 96 பீரியடில் 576 நிமிடம், ஏறக்குறைய 9½ மணி நேரம் வராந்தாவில் கழிகிறது. பிரெஞ்சு பீரியடை உணவு இடைவேளைக்கு அடுத்தோ காலை அசெம்பிளிக்கு அடுத்தோ வைத்தால் அந்த நடை இடைவேளையோடு கலந்துவிடும். திங்கள், செவ்வாய், புதன் என்று அடுத்தடுத்து வைக்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் வையுங்கள். புதுமொழியின் ஒலி நான்கு நாள் காதில் படாமல் போனால், மறு திங்களன்று பாதி வகுப்பு பழையதை மீட்பதிலேயே போய்விடும்.

மிச்ச நேரத்தைத் தின்பது எழுத்துத் தேர்வு. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு: பத்தி படித்துப் பதில், கடிதம், இலக்கணம், பாடநூல் கேள்விகள். காதால் கேட்டு எழுதுவது ஒன்றுமில்லை, வாயால் சொல்வதும் ஒன்றுமில்லை. அக மதிப்பீட்டின் 20இல் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் என்று இருப்பது ஐந்தே மதிப்பெண். அதையும் பல இடங்களில் சார்ட் ஒட்டியோ ஈஃபிள் கோபுரம் செய்து கொண்டுவந்தோ நிரப்பிவிடுகிறோம். இதில் எங்கள் பங்கும் உண்டு. கைடில் இருக்கும் பதிலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டால் ரிசல்ட் வந்துவிடுகிறது. ரிசல்ட் வந்துவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஒலியிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் முதல் ஆறு வாரத்தில் தவறினால் ஐந்தாண்டும் திருத்த வேண்டியிருக்கும் இடம் அதுதான். இந்த மடலில் பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். தமிழ்ப் பிள்ளைக்கு எங்கே இடறும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். ரொட்டிக்குப் பிரெஞ்சில் "பேன்", குளியலுக்கும் "பேன்". முதலாவது பல்லியில் வரும் ப, இரண்டாவது பஸ்ஸில் வரும் ப. நம் எழுத்தில் இரண்டும் ஒன்று. கன்னடத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து இருக்கிறது. பெங்களூர்ப் பிள்ளைக்குக் கன்னட எழுத்து தெரியும். நோட்டின் ஓரத்தில் கன்னட எழுத்தில் உச்சரிப்பைக் குறித்துக்கொள்ளச் சொன்னால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு எழுதிக்கொள்வதுதான் கேடு. அப்படி எழுதிய பிள்ளை "மடாம்" என்கிறது. பிரெஞ்சில் அது தந்தையில் வரும் பல்லொலித் த: "மதாம்". ஆங்கிலம் வழியாக வரும் பிள்ளை நாக்கை மேலண்ணத்துக்குக் கொண்டுபோகிறது. தமிழ் வழியாக வரும் பிள்ளைக்கு நாக்கு தானாகவே பல்லைத் தொடும். வீட்டு மொழி இங்கே கைகொடுக்கிறது. வகுப்பில் அதைப் பயன்படுத்த அனுமதி வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் சொல்லின் நடுவில் வருகிறது. தமிழில் இரு உயிர்களுக்கு நடுவே ஒற்றை வல்லினம் வந்தால் இளகி ஒலிக்கும், இரட்டித்தால் உறுதியாக ஒலிக்கும்: அகம், அக்கம், படம், பட்டம். இந்தப் பழக்கத்தைப் பிள்ளை தன்னை அறியாமல் பிரெஞ்சுக்குக் கொண்டுபோகிறது. பள்ளிக்கான சொல்லை "எகோல்" என்று இளக்கிச் சொல்கிறது; கேட்பவருக்கு அது வேறு ஏதோ சொல். "நிறைய" என்பதற்கான சொல் "போகூ" ஆகிவிடுகிறது. மருந்து எளிது. முதல் சில வாரம் இரட்டித்தே எழுதிச் சொல்ல வையுங்கள்: "எக்கோல்", "போக்கூ", "தக்கோர்". ஒலி உறுதிப்பட்ட பிறகு இரட்டிப்பின் நீளத்தை மட்டும் குறைக்கச் சொன்னால் போதும். கேக்கையும் பரிசையும் அடுத்தடுத்து வைத்துப் பழக்கலாம்: காந்தியில் வரும் க, நடுவில் இரட்டித்த த்த என்றால் "காத்தோ", அது கேக். கல்லில் வரும் க, நடுவில் ஒற்றைத் த என்றால் "காதோ", அது பரிசு. பத்து முறை மாற்றி மாற்றிச் சொன்னால் வகுப்பு முழுவதும் பிடித்துக்கொள்ளும்.

இதே விதி இன்னோர் இடத்தில் நமக்குத் துணைக்கு வருகிறது. மீனுக்கும் நஞ்சுக்கும் பிரெஞ்சில் ஏறக்குறைய ஒரே எழுத்துக்கூட்டல். மீனில் நடுவே எஸ் இரண்டு, நஞ்சில் ஒன்று. இரண்டு எஸ் இருந்தால் "ஸ" உறுதியாகச் சீறும். ஒற்றை எஸ் உயிர்களுக்கு நடுவே வந்தால் தேனீ ரீங்கரிப்பதுபோல அதிர்ந்து ஒலிக்கும். ஒற்றை இளகும், இரட்டை உறுதிப்படும். பட்டம், படம் தெரிந்த பிள்ளைக்கு இதைப் புது விதியாகச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இதற்கு விளக்கம் தேடி பத்து நிமிடம் செலவழிப்பதும், தமிழில் ஒரு வரியில் முடிப்பதும் எங்கள் கையில்தான் இருக்கிறது.

மூக்கொலி உயிர்களைக் கேட்டாலே பிள்ளைகள் பயப்படுவார்கள், பாடநூலும் அதை ஏதோ அரிய வித்தைபோலக் காட்டும். தமிழ்ப் பிள்ளை அவற்றை நாள்தோறும் வீட்டில் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. "மரம்", "பணம்" என்று எழுதுகிறோம். பேசும்போது ஈற்று மகரத்துக்கு உதட்டை மூடுவதில்லை, கடைசியில் மூக்கோடு ஓர் ஓகாரம்தான் ஒலிக்கிறது. "நல்ல" என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் முடிவு அதற்கு மிகப் பக்கம். "அவன்" என்பதை வீட்டுப் பேச்சில் சொல்லிப் பாருங்கள், மூக்கோடு ஏகாரச் சாயலில் முடியும். திராட்சை மதுவுக்கான சொல்லும் அப்படியே முடிகிறது. "வந்தான்" என்பதில் வரும் மூக்கொலி ஆகாரத்தைக் காலம், காற்று ஆகியவற்றுக்கான பிரெஞ்சுச் சொற்களில் கேட்கலாம். வாயின் வடிவம் நூற்றுக்கு நூறு ஒன்றல்ல, ஆனால் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. வகுப்பில் நடப்பதோ வேறு: சொல்லின் முடிவில் "என்" என்ற எழுத்து இருக்கிறதே என்று பிள்ளை நாக்கை அண்ணத்தில் ஒட்டி "ன்" என்று அழுத்திச் சொல்கிறது. விளைவு சின்னதில்லை. பிரெஞ்சில் ஈற்றில் ன் தெளிவாக ஒலித்தால் அது பல சொற்களில் பெண்பால். "நான் இந்தியன்" என்று சொல்ல வேண்டிய பையன் "நான் இந்தியப் பெண்" என்று சொல்லிவிடுகிறான், அதுவும் தன் முதல் அறிமுக வாக்கியத்திலேயே.

யு எழுத்தின் ஒலி தமிழிலும் இல்லை, கன்னடத்திலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. இதைப் பழக்கத்தான் வேண்டும். "ஈ" சொல்லுங்கள், நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் "ஊ"வுக்குக் குவியுங்கள். அந்தச் சேர்க்கைதான் ஒலி. பிள்ளைகள் "யூ" என்றோ "ஊ" என்றோ சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். விடக் கூடாது, ஏனென்றால் "மேலே" என்பதும் "கீழே" என்பதும் இந்த ஓர் ஒலியால்தான் வேறுபடுகின்றன. ஆர் ஒலியைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். தொண்டையிலிருந்து வராவிட்டால் போகட்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் நாக்கை உருட்டியே பிரெஞ்சு பேசுகிறவர்கள் ஏராளம், யாருக்கும் புரியாமல் போவதில்லை.

இனி வினைச்சொல். ஆறாம் வகுப்பில் முதலில் கொடுப்பது ஆறு வரி அட்டவணை: நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள். ஆறுக்கும் எழுத்தில் ஐந்து விகுதிகள். பிள்ளை ஒவ்வொன்றையும் எழுதியிருப்பதுபோலவே வாசிக்கிறது. "அவர்கள் பேசுகிறார்கள்" என்பதற்கு வரும் இ, என், டி விகுதியையும் உச்சரித்து "பார்லான்" என்கிறது. அந்த மூன்றெழுத்துக்கு ஒலியே கிடையாது. காதுக்கு அந்த வினையில் "பார்ல்", "பார்லோ~" (~ என்பது மூக்கொலிக்கு நாங்கள் இடும் குறி), "பார்லே" என்று மூன்றே வடிவம். பேச்சில் "நாங்கள்" என்பதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் "ஓ~" என்ற சொல்லைப் போட்டு அதற்கும் "பார்ல்" என்றே சொல்வதால், நடைமுறையில் இரண்டு வடிவத்தோடு பேசத் தொடங்கிவிடலாம். முதல் மாதம் இந்த இரண்டைக் காதால் பழக்கிவிட்டு, எழுத்து அட்டவணையை இரண்டாம் மாதம் கொடுத்தால் "பார்லான்" பிறக்கவே பிறக்காது. எழுவாயை ஏன் விடக் கூடாது என்பதும் அப்போது தானாகப் புரியும். தமிழில் "வந்தேன்" என்றால் ஆள் தெரிந்துவிடும். பிரெஞ்சில் விகுதி காதுக்குக் கேட்காததால் ஆளைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

இங்கே உங்களிடம் ஒரு குறிப்பான வேண்டுகோள் இருக்கிறது. முதல் நான்கு வாரம் நோட்டுப் புத்தகம் நிரம்பாது. ஜூலையில் நோட்டுகளைச் சரிபார்க்க வரும் ஒருங்கிணைப்பாளரிடம் "பக்கம் காலியாக இருக்கிறதே" என்று பேச்சு வாங்க ஆசிரியர் அஞ்சுகிறார், அதனால் முதல் நாளே அட்டவணையை எழுதிப் போட்டுவிடுகிறார். அந்த நான்கு வாரத்துக்கு நோட்டு ஆய்வு வேண்டாம் என்று எழுத்தில் ஓர் உத்தரவு கொடுத்தால், அது எந்த ஸ்மார்ட் போர்டையும்விடப் பெரிய உதவி.

இலக்கணத்தை ஆங்கிலம் வழியாக மட்டுமே சொல்ல வேண்டும் என்ற எழுதாத விதியையும் தளர்த்துங்கள். ஆங்கிலம் மறைத்துவிடும் பலவற்றைத் தமிழ் காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே "யூ". நமக்கு நீ, நீங்கள். பிரெஞ்சிலும் இரண்டு. வேறுபாட்டை மட்டும் சொல்லிவிட வேண்டும்: நம் பிள்ளை தாத்தாவை "நீங்க" என்று அழைக்கும், பிரெஞ்சுப் பிள்ளை தாத்தாவையும் "நீ" என்றே அழைக்கும், ஆசிரியரையும் கடைக்காரரையும்தான் "நீங்கள்" என்னும். பாட்டிக்கு எழுதும் கடிதத்தில் மரியாதைக்காக "நீங்கள்" போட்டு இடறுவது இதைச் சொல்லாததால்தான். "எனக்குப் பசி", "எனக்கு 13 வயது" என்கிறோம். ஆங்கிலம் இரண்டுக்கும் "நான் இருக்கிறேன்" என்று போட்டுவிடும். பிரெஞ்சு இரண்டிலும் "உடையவனாயிரு" என்னும் "அவ்வார்" வினையை வைக்கிறது: எனக்குப் பசி உண்டு, எனக்கு 13 ஆண்டு உண்டு. தமிழிலிருந்து போனால் ஓரடி. ஆங்கிலத்திலிருந்து போகும் பிள்ளை "நான் பசியாக இருக்கிறேன்" என்று தவறாக எழுதுகிறது. விடைத்தாள்களில் அடிக்கடி சிவப்பு மை படும் இடங்களில் இது ஒன்று.

புணர்ச்சியும் அப்படித்தான். நாடு + உண்டு என்றால் உகரம் கெட்டு நாடுண்டு. பிரெஞ்சில் "ஜெ" + "எம்" சேர்ந்தால் "ஜெம்", "லா" + "எக்கோல்" சேர்ந்தால் "லெக்கோல்"; கெட்ட உயிருக்கு அடையாளமாக மேலே ஒரு காற்புள்ளி. நண்பர்கள் என்னும்போது "லே" + "அமி" நடுவே, தனியாக நின்றால் கேட்காத எஸ் உயிர்பெற்று "லேஸமி" ஆகிறது. நம் உடம்படுமெய்போல உயிர்கள் மோதாமல் தடுப்பதுதான் அதன் வேலை.

ஒன்பதாம் வகுப்பில் எல்லாரும் திணறும் இறந்தகாலத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. "பாஸே கொம்போஸே" என்ற அந்தக் காலத்தில் பெரும்பாலான வினைகளுக்கு "அவ்வார்" துணைவினை, போ, வா, ஏறு, இறங்கு போன்ற சிலவற்றுக்கு "எத்ர்" துணைவினை. பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு, அடுத்த வாரமே அதே "ஏறு" வினை "அவ்வார்" ஓடு வருகிறது என்றால் பிள்ளை குழம்பாதா? தமிழில் கேளுங்கள். "ஏறினேன்" என்றால் "எத்ர்". "பெட்டியை ஏற்றினேன்" என்றால் "அவ்வார்". இறங்கினேன், இறக்கினேன் என்பதும் அப்படியே. தன்வினை, பிறவினை என்று தமிழ் இரண்டு சொல்லாகப் பிரித்து வைத்திருப்பதைப் பிரெஞ்சு ஒரே சொல்லில் வைத்துத் துணைவினையால் பிரிக்கிறது. ஏறு, ஏற்று தெரிந்த பிள்ளை இந்த இடத்தில் பெரும்பாலும் தவறாது.

தமிழ் உதவாத இடங்களும் உண்டு. நமக்கு மேசையும் நாற்காலியும் அஃறிணை, வேலை முடிந்தது. பிரெஞ்சில் ஒவ்வொன்றுக்கும் ஆண்பால், பெண்பால். இந்தி படிக்கும் பிள்ளைக்குக் கருத்து பழக்கம், ஆனால் பால் ஒத்துப்போகாது: இந்தியில் புத்தகம் பெண்பால், பிரெஞ்சில் ஆண்பால். சொல்லைத் தனியாகப் படிக்காமல் முன்னொட்டோடு சேர்த்தே, "லா தாப்ல்" என்று ஒரே சொல்லாகவே படிக்க வேண்டும். "சியோ~" என்று முடிபவை, "தே" என்று முடியும் பண்புப் பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். "மா~" என்று முடிபவை, "ஓ" என ஒலிக்கும் ஈ-ஏ-யு முடிவு கொண்டவை பெரும்பாலும் ஆண்பால். தண்ணீரும் தோலும் இந்தக் கடைசி விதிக்கு விலக்கு. நோட்டில் ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு மை என்று ஆறாம் வகுப்பிலேயே பழக்கினால் பத்தாம் வகுப்பு வரை உதவும். நிறப்பெயரைப் பெயருக்குப் பின்னால் வைப்பதும் நமக்குத் தலைகீழ். அது பயிற்சியில் வந்துவிடும்.

ஒரு 40 நிமிட பீரியட் எப்படி இருக்கலாம்? முதல் 5 நிமிடம் எண்கள். பிரெஞ்சில் 75 என்பது அறுபது-பதினைந்து, 97 என்பது நான்கு-இருபது-பத்து-ஏழு. "சுவசாந்த்" என்று காதில் விழுந்ததும் பிள்ளை 6 எழுதிவிடும், பின்னால் "கேன்ஸ்" வந்ததும் அடித்துத் திருத்தும், அதற்குள் அடுத்த எண் போய்விடும். ஃபிரான்ஸில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள், அதனால் கேட்கும் தேர்வில் இந்தப் பொறி வரக்கூடும். 60க்கு மேற்பட்ட எண்கள் ஐந்தை நாள்தோறும் சொல்லி எழுத வைத்தால் இரண்டு மாதத்தில் கை காத்திருக்கப் பழகும். அடுத்த 10 நிமிடம் ஒரு நிமிட ஒலிப்பதிவு, இரண்டு முறை. டிவி5 மோந்த் நிறுவனத்தின் இணையப் பயிற்சிகள் ஏ1 படியிலிருந்தே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒலிபெருக்கி மட்டும் வேண்டும். ஆசிரியரின் போனை மேசையில் வைத்தால் மின்விசிறிச் சத்தத்தில் நான்காம் பெஞ்சுக்கு மேல் எட்டாது, முதலில் காணாமல் போவது மூக்கொலிதான். பிறகு 10 நிமிடம் இருவர் இருவராகப் பேச்சு. 40 பேரை ஒருவர் ஒருவராக எழுப்பிக் கேட்டால் ஒருவருக்குக் கால் நிமிடம்தான் வரும். 20 ஜோடியாகப் பேசினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 5 நிமிடம் கிடைக்கும். சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு வராந்தாவிலிருந்து யாரும் உள்ளே எட்டிப்பார்த்து அதட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். மிச்ச 15 நிமிடத்தில் இலக்கணமும் மூன்று வரி எழுத்தும்.

பேசுவதற்குப் பாரிஸ் தேவையில்லை. இந்திராநகரிலிருந்து லால்பாக் போக வழி கேட்கிறார் ஒருவர்: ஊதா வழியில் ஏறி, மெஜஸ்டிக்கில் இறங்கி, பச்சை வழிக்கு மாறி லால்பாக்கில் இறங்குங்கள். ஏறு, இறங்கு, மாறு, நிறம், மரியாதைப் பன்மை எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன, பிள்ளைக்கு வழியும் தெரியும்.

இந்த உழைப்பை அளக்க டெல்ஃப் தேர்வு நல்ல அளவுகோல். பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் தரும் சான்றிதழ். வாழ்நாள் முழுதும் செல்லும். பள்ளி மாணவர்களுக்கெனத் தனி வடிவம் உண்டு. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25. மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பிரிவிலும் 5க்குக் குறையக் கூடாது. நம் பிள்ளைகள் இடறுவது அந்த ஐந்தில்தான். ஏ1 எழுத்தில் ஒரு படிவம் நிரப்பி 40 சொல்லில் ஒரு செய்தி எழுதுவது அவர்களுக்கு விளையாட்டு. பேசும் பிரிவில் தன்னைப் பற்றிச் சொல்லி, சீட்டில் வந்த சொல்லை வைத்துத் தேர்வாளரிடம் கேள்வி கேட்டு, கடையில் பொருள் வாங்குவதுபோல் நடிக்க வேண்டும். பதில் சொல்லவே பழகிய பிள்ளைக்குக் கேள்வி கேட்க வராது. ஆகவே அந்த ஐந்து அக மதிப்பெண்ணை இப்படிப் பிரித்துத் தாருங்கள்: கேள்வி புரிந்ததா, முழு வாக்கியமாகப் பதில் வந்ததா, திருப்பி ஒரு கேள்வி கேட்டதா, பேசாத எழுத்தைப் பேசாமல் விட்டதா, தூண்டாமல் தொடர்ந்ததா, ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஒரு பிள்ளைக்கு 3 நிமிடம், 40 பேருக்கு 120 நிமிடம், ஒரு பருவத்துக்கு மூன்றே பீரியட். எட்டாம் வகுப்பு முடிவில் ஏ1, பத்தில் ஏ2 என்பது எட்டக்கூடிய இலக்கு. தேர்வுக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கும் இதே மாதிரித் தேர்வைப் பள்ளியிலேயே நடத்தலாம், கட்டாயமாக்க வேண்டாம்.

பண்பாட்டுப் பாடம் என்ற பெயரில் பாலாடைக்கட்டிப் பெயர்களை மனப்பாடம் செய்ய வைப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். சனி, ஞாயிறு இரண்டு நாளில் போய்வரக்கூடிய தூரத்தில் புதுச்சேரி இருக்கிறது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு இணைந்த ஊர். அங்கே தெருப்பலகைகள் நீல நிறத்தில் பிரெஞ்சிலும் தமிழிலும் நிற்கின்றன. பத்துப் பலகையைப் படித்து, எழுதி, ஒலித்து வந்தால் அதுவே ஒரு பாடம். பாரிஸில் லா ஷாப்பெல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருப்பதும், பிரெஞ்சு புழங்கும் மொரீஷியஸின் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பதும், வெட்டிவேரும் கட்டுமரமும் "வெத்திவேர்", "கத்தமரான்" என்று பிரெஞ்சு அகராதியில் ஏறியிருப்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? தெரிந்தால் இந்த மொழி யாரோ ஒருவருடையது என்ற விலகல் குறையும்.

பெற்றோரிடம் சேர்க்கையின்போது "பிரெஞ்சு எடுத்தால் மார்க் வரும்" என்று சொல்வதை நிறுத்துங்கள். அந்த ஒரு வாக்கியம் வகுப்பின் நோக்கத்தையே முதல் நாளில் முடிவுசெய்துவிடுகிறது. கன்னடம் கடினம் என்பதற்காகப் பிரெஞ்சுக்கு ஓடிவரும் தமிழ்க் குடும்பங்களுக்கும் நேராகச் சொல்லிவிடுங்கள்: 2015ஆம் ஆண்டுக் கன்னட மொழி கற்றல் சட்டப்படி கன்னடம் இங்கே கற்றாக வேண்டியது, வாழும் ஊரின் மொழி அது. 2020 தேசியக் கல்விக் கொள்கை மூன்று மொழிகளில் குறைந்தது இரண்டு இந்திய மொழிகளாக இருக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலம் ஒன்றை எடுத்துக்கொண்டால் அந்த மூன்றில் பிரெஞ்சுக்கு இடமில்லை. பிரெஞ்சு ஆசிரியர்களாகிய நாங்கள் இதை எதிர்க்கவில்லை. கன்னடத்தையும் முடிந்த இடத்தில் தமிழையும் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பிரெஞ்சு நான்காவதாக வந்தால் இன்னும் எளிது என்பதை மேலே சொன்ன ஒவ்வோர் எடுத்துக்காட்டும் காட்டும். அப்படி நான்காவதாக வைக்கும்போது வாரம் இரண்டு மணி நேரத்தை ஒரு மணியாக வெட்டிவிடாதீர்கள். எழுத்துத் தேர்வைக் குறைத்துக்கொள்ளுங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள்.

இவற்றுக்குப் பெரிய செலவு ஏதுமில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று பீரியட். வகுப்புக்கு ஓர் ஒலிபெருக்கி. ஆறாம் வகுப்பில் முதல் நான்கு வாரம் நோட்டு ஆய்விலிருந்து விலக்கு. பருவத்துக்கு மூன்று பீரியட் வாய்மொழித் தேர்வு, அந்த நாட்களில் பிரெஞ்சு ஆசிரியரைச் சப்ஸ்டிட்யூஷனுக்கு அனுப்பாதிருத்தல். ஒலிப் பயிற்சிப் பட்டியலும் வாய்மொழித் தேர்வுக்கான கேள்விச் சீட்டுகளும் நாங்களே தயாரித்துத் தருகிறோம். கேட்கும் எந்தப் பள்ளிக்கும் கட்டணமின்றி, டைம்டேபிள் முடிவாவதற்குள் வந்து சேரும்.

இப்படிக்கு,
பெங்களூர்ப் பள்ளிகளில் பிரெஞ்சு கற்பிக்கும் தமிழர்கள் சிலர்